மழலை பேச்சாவது எப்படி?

பிறந்து ஓராண்டு நிறையும் தறுவாயில் குழந்தை முதற்சொல்லைச் சொல்கிறது. இரண்டு வயதளவில் இரு சொற்களை இணைக்கிறது. நான்கு வயதிலோ, "நேத்து வரேன்னு சொன்னியே, ஏன் வரல்லே?" என்று பெரியவர்களை மடக்குகிறது. இந்தச் சிறு வினாவில் இறந்தகாலம், முன்னிலை, எதிர்மறை, வினா ஆகிய அனைத்தும் முறையாக அமைந்துள்ளன. "அத்தை வந்தாங்க" என்றும் "நாய் வந்துச்சு" என்றும் திணை வழுவாமல் அக்குழந்தை பேசுகிறது. அது இலக்கண நூல் எதையும் படித்ததில்லை. எந்த ஆசிரியரிடமும் பாடம் கேட்டதில்லை.

இந்த அருஞ்செயல் எவ்வாறு நிகழ்கிறது? இதில் வீட்டிலுள்ளோரின் பங்கு எவ்வளவு? இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாறு நீண்டது. தொடக்கத்தில் அது கொடுமையாகவும் இருந்தது. எந்தக் கருவியைக் கொண்டு குழந்தையைக் கவனித்தார்களோ, அக்கருவி காட்டிய அளவுக்கே விடையும் துலங்கியது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

மன்னர்கள் செய்த சோதனை

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சாமெட்டிக்கஸ் என்னும் மன்னன், உலகின் முதல் மொழி எது என அறிய விரும்பினான். இரண்டு குழந்தைகளை ஓர் ஆட்டிடையனிடம் ஒப்படைத்து, அவர்கள் காதில் ஒரு சொல்லும் விழக்கூடாதென ஆணையிட்டான். ஆட்டுப்பால் மட்டும் வேளை தவறாமல் கொடுக்கப்பட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின் அக்குழந்தைகள் "பெக்கோஸ்" என்றனவாம். பிரீஜிய மொழியில் அதற்கு ரொட்டி என்று பொருள். எனவே பிரீஜிய மொழியே ஆதிமொழி என்று மன்னன் முடிவு செய்தானாம். குழந்தைகள் ஆடுகளின் குரலைத்தான் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்காலத்தோர் கூறினர்.

நம் நாட்டில் முகலாயப் பேரரசர் அக்பரும் இத்தகைய சோதனையைச் செய்தார். ஊர் ஓசை எட்டாத ஒரு கட்டடத்தில் குழந்தைகள் வளர்க்கப்பட்டனர். செவிலியர் அவர்களோடு பேசவே கூடாது. 1582-இல் அக்பர் அங்கே சென்று பார்த்தபோது, ஒரு குழந்தையிடமிருந்தும் சொல் எதுவும் வரவில்லை. ஊமையர் எழுப்பும் ஒலிகளே கேட்டன என்று அபுல் ஃபசல் எழுதியுள்ளார். அக்கட்டடத்துக்கு "ஊமையர் மாளிகை" என்ற பெயரே நிலைத்துவிட்டது. பேச்சு என்பது கேட்பதினால் வருவது என்பது அக்பரின் கருத்து. எகிப்திய மன்னனின் முடிவைவிட இது உண்மைக்கு நெருங்கியது. ஆனால் அந்த உண்மைக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை சில குழந்தைகளின் வாழ்க்கை.

1800-இல் பிரான்சின் அவேரான் பகுதியில், காட்டில் தனியே வாழ்ந்துவந்த ஒரு சிறுவன் கிடைத்தான். அப்போது அவனுக்கு ஏறத்தாழ 12 வயது. விக்டர் எனப் பெயரிடப்பட்ட அவனுக்குப் பேச்சுக் கற்பிக்க இட்டார் என்ற மருத்துவர் ஐந்தாண்டுகள் அரும்பாடுபட்டார். அவன் பல பொருள்களின் பெயர்களை எழுத்தால் அறிந்துகொண்டான். ஆயினும் வாயால் ஒன்றிரண்டு சொற்களுக்குமேல் சொல்லவில்லை. மொழியைப் பெறுவதற்கு ஒரு காலம் உண்டு; அது கடந்தபின் பெறுவது அரிது என்ற ஐயம் அறிவுலகில் அப்போது எழுந்தது.

மன்னர்கள் குழந்தையை மனிதரிடமிருந்து பிரித்துப் பார்த்தனர். மீன் எவ்வாறு நீந்துகிறது என்று அறிய அதைத் தண்ணீரிலிருந்து எடுத்து வைப்பதைப் போன்றது அது.

தந்தையரின் குறிப்பேடுகள்

உண்மையான ஆய்வு அரண்மனையில் தோன்றவில்லை. வீட்டில், தொட்டிலின் அருகே தோன்றியது. தேவைப்பட்ட கருவிகள் ஒரு குறிப்பேடும் பேனாவும் மட்டுமே. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் டீட்ரிஷ் டீடமன், 1781-இல் பிறந்த தம் மகனின் வளர்ச்சியைக் கவனித்து எழுதிய குறிப்புகளை 1787-இல் வெளியிட்டார். குழந்தை வளர்ச்சி பற்றிய நாட்குறிப்புகளில் இது முன்னோடியாகும். அந்த மகனே பிற்காலத்தில் புகழ்பெற்ற உடலியல் அறிஞரானார்.

பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினும் இத்தகைய தந்தையரில் ஒருவரே. 1839-இன் இறுதியில் பிறந்த தம் மூத்த மகனைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள், 1877-இல் ஓர் ஆங்கில இதழில் கட்டுரையாக வந்தன. சரியாக ஒரு வயதில் அக்குழந்தை உணவுக்கென ஒரு சொல்லைத் தானே உண்டாக்கியது. அச்சொல் "மம்". அதைச் சொல்லும்போது முடிவில் குரலை உயர்த்தி, கேட்பதுபோல் சொல்லும் என்பதையும் டார்வின் கவனித்தார்.

தமிழ் வாசகர்களுக்கு இச்சொல் வியப்பைத் தராது. நம் வீடுகளில் குழந்தைக்குச் சோறு "மம்மம்" அல்லவா! இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமையன்று. பால் அருந்தும் குழந்தையின் இதழ்கள் மூடியிருக்கும்போது மூக்கின் வழியே எளிதில் எழக்கூடிய ஒலி "ம்". மொழியியல் அறிஞர் ரோமான் யாக்கோப்சன், உலகின் பல மொழிகளில் தாயையும் உணவையும் குறிக்கும் மழலைச் சொற்களில் மகர ஒலி மிகுந்திருப்பதற்கு இக்காரணத்தைக் காட்டினார்.

ஜெர்மனியின் ஜேனா நகர உடலியல் பேராசிரியர் வில்ஹெல்ம் பிரேயர், தம் மகனை முதல் மூன்றாண்டுகள் நாள்தோறும் பலமுறை உற்றுநோக்கி, 1882-இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். 1907-இல் கிளாரா ஸ்டெர்ன், வில்லியம் ஸ்டெர்ன் தம்பதியர், தம் மூன்று குழந்தைகளின் மொழி பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. அந்நூலுக்கு வேண்டிய குறிப்புகளில் பெரும்பகுதியை எழுதியவர் தாய் கிளாரா என்பது குறிப்பிடத்தக்கது. அதுவரை பெரும்பாலும் தந்தையரின் பெயராலேயே வந்த இத்துறையில், குழந்தையோடு அதிக நேரம் இருந்தவரின் பெயரும் அட்டையில் இடம் பெற்றது.

இந்நாட்குறிப்புகளால் குழந்தையின் சொல் வளர்ச்சி வரிசைப்படுத்தப்பட்டது. ஆனால் பேனாவுக்கு ஒரு குறை உண்டு. குழந்தை சொன்ன புதுமை ஏட்டில் ஏறும். அதற்கு முன் தாய் என்ன சொன்னாள், அதற்குப் பின் என்ன பதில் சொன்னாள் என்பன ஏட்டில் ஏறுவதில்லை. உரையாடலில் பாதியே பதிவாயிற்று.

டேப் ரிக்கார்டர் சொன்ன செய்தி

மறுபாதியைப் பிடித்துத் தந்தது டேப் ரிக்கார்டர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் பிரவுனும் அவருடைய மாணவர்களும் 1962-இல் தொடங்கி, சில குழந்தைகளின் வீடுகளுக்கு முறையாகச் சென்று, குழந்தையும் தாயும் பேசிக்கொள்வதை ஒலிநாடாவில் பதிவு செய்தனர். இதன் அடிப்படையில் பிரவுன் எழுதிய நூல் 1973-இல் வெளிவந்தது.

அக்காலத்தில் அறிஞரிடையே ஒரு பெரும் வாதம் நடந்துகொண்டிருந்தது. சரியாகச் சொன்னால் பாராட்டும், தவறினால் திருத்தமும் கிடைப்பதால் குழந்தை மொழியைக் கற்கிறது என்பது ஸ்கின்னர் 1957-இல் எழுதிய நூலின் சாரம். இதனை 1959-இல் நோம் சோம்ஸ்கி கடுமையாக மறுத்தார். கேட்டறியாத வாக்கியங்களையும் குழந்தை தானே அமைக்கிறது. ஆகவே மொழியை அமைக்கும் ஆற்றல் பிறவியிலேயே உள்ளது என்பது அவர் கட்சி. 1958-இல் ஜீன் பெர்க்கோ, குழந்தைகளிடம் பொருளற்ற ஒரு புதுச்சொல்லைச் சொல்லி அதன் பன்மையைக் கேட்டார். குழந்தைகள் தயங்காமல் சரியான விகுதியைச் சேர்த்தனர். கேட்டதை ஒப்புவிக்காமல், விதியைக் கண்டறிந்தே குழந்தை பேசுகிறது என்பது இதனால் உறுதிப்பட்டது.

ஒலிநாடாக்கள் இந்த வாதத்துக்கு எதிர்பாராத ஒரு சான்றைத் தந்தன. பெற்றோர் குழந்தையின் இலக்கணப் பிழைகளைப் பெரும்பாலும் திருத்துவதே இல்லை. செய்தி பிழையானால்தான் திருத்துகிறார்கள். நம் வீட்டு முறையில் சொல்வதானால், நாயைக் காட்டி "ஆடு" என்றால், "ஆடு இல்லேடா, நாய்" என்போம். "நாயி வந்தாங்க" என்றால், "ஆமா, நாய் வந்துச்சு" என்போம். இரண்டாவது பதிலில் கண்டிப்பு எதுவும் இல்லை. குழந்தை சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதையே முழுமையாக்கித் திருப்பித் தருகிறோம். இவ்வாறு விரித்துச் சொல்வதைப் பிரவுனும் உர்சுலா பெலூஜியும் 1964-இலேயே சுட்டிக்காட்டினர்.

அதே ஆண்டில் சார்லஸ் ஃபெர்குசன், மராத்தி உள்ளிட்ட ஆறு மொழிகளில் பெரியோர் குழந்தையிடம் பேசும் கொஞ்சுமொழியை ஆராய்ந்தார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளிலும் எளிய ஒலிகள், இரட்டித்த சொற்கள் போன்ற பொதுத்தன்மைகள் காணப்பட்டன. "தாச்சி", "ஜோஜோ", "பாப்பா" என்று நாம் கொஞ்சுவது அறியாமையன்று. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. குரலை உயர்த்தியும் நீட்டியும் நிறுத்தியும் பேசுவது குழந்தையின் கவனத்தை ஈர்க்கிறது.

ஒரு கணிப்பொறி அறிஞரும் தமிழ்க் குழந்தையும்

இவ்வரலாற்றில் தமிழுக்கும் இடமுண்டு. இந்தியாவில் உருவாக்கப்பட்ட தொடக்ககால மின்னணுக் கணிப்பொறிகளுள் ஒன்று, பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் டிஃப்ராக். 1960-இல் செயற்படத் தொடங்கிய அப்பொறியை அமைத்த குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன். எந்திரத்துக்கு மொழியறிவு ஊட்ட முடியுமா என்ற வினா அவரை, மனிதக் குழந்தை மொழியை எவ்வாறு பெறுகிறது என்ற வினாவுக்கு இட்டுச் சென்றது. அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சை, அது சொல் பேசத் தொடங்கு முன்பிருந்தே, வீட்டாரோடு உறவாடும் சூழலில் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தனர்.

தமிழ்க் குழந்தை மறுப்பைக் கற்பது எளிதன்று. "வேண்டாம்", "இல்லை", "மாட்டேன்", "முடியாது", "கூடாது" என ஒவ்வொரு வகை மறுப்புக்கும் தனிச்சொல் உண்டு. தமிழ்க் குழந்தைகளிடம் வினாச் சொற்கள் வளரும் முறையைப் பற்றி 1988-இலும், எதிர்மறைச் சொற்கள் வளரும் முறையைப் பற்றி 1991-இலும் வைத்தியநாதன் எழுதிய கட்டுரைகள், குழந்தை மொழிக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தன. உலகெங்கும் ஆராய்ச்சியாளர் பயன்படுத்தும் குழந்தை மொழித் தொகுப்பில் இத்தமிழ்ப் பதிவும் சேர்ந்துள்ளது.

பேசாத குழந்தையைக் கேட்பது எப்படி?

டேப் ரிக்கார்டருக்கும் எல்லையுண்டு. பேசாத குழந்தையிடமிருந்து அது எதைப் பதிவு செய்யும்? இங்கே ஆய்வாளர் பயன்படுத்திய கருவி, குழந்தை சப்பும் ரப்பர் காம்பு.

"பல்" என்பதன் முதல் ஒலியையும் "பல்பு" என்பதன் முதல் ஒலியையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றே; ஒலி வேறு. இதழ் திறக்கும் கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் உள்ள நுண்ணிய கால வேறுபாடே இவ்வொலிகளைப் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் இந்த எல்லை ஏறத்தாழ 25 மில்லி வினாடி. 1971-இல் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஐமாஸ் குழுவினர், ஒரு மாதக் குழந்தைகளுக்கும் நான்கு மாதக் குழந்தைகளுக்கும் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தனர். சலிப்பேற்பட்டதும் காம்பைச் சப்பும் வேகம் குறைந்தது. எல்லைக்கு மறுபக்கமுள்ள ஒலியை ஒலித்தவுடன் வேகம் மீண்டும் கூடியது. ஒரு மாதக் குழந்தையின் செவி மில்லி வினாடிக் கணக்கில் ஒலிகளை வகைப்படுத்துகிறது!

1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும் மேலும் ஓர் உண்மையைக் கண்டனர். இந்தி மொழியின் தகர, டகர ஒலிகளை ஆங்கிலம் பேசும் பெரியவர்களால் பிரித்தறிய இயலவில்லை. ஆனால் ஆங்கில வீட்டில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் எளிதில் பிரித்தறிந்தன. அதே வகைக் குழந்தைகள் பத்து முதல் பன்னிரண்டு மாத வயதில் இத்திறனைப் பெரிதும் இழந்திருந்தன. நம் குழந்தைகளோ தகர டகர வேறுபாட்டை நாள்தோறும் கேட்பதால் இழப்பதில்லை. ஆக, முதற்சொல்லுக்கு முன்னரே செவி தன் தாய்மொழிக்குப் பழகிவிடுகிறது. "இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே, அதுகிட்ட என்ன பேசுறது?" என்று கேட்போர்க்கு இதுவே விடை.

ஊஞ்சலும் உரையாடலும்

கேட்பது மட்டும் போதுமா? அப்படியானால் வானொலியைத் திருப்பி வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாமே! 2003-இல் வெளிவந்த இரு ஆய்வுகள் இதற்கு விடை தந்தன.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீஷியா கூல் குழுவினர், ஆங்கில வீட்டைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீனமொழியினர் சிலரை நேரில் விளையாடிப் பேசச் செய்தனர். ஏறத்தாழ 25 நிமிட அமர்வுகள் 12 நடந்தன. அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே மனிதர்கள், அதே பேச்சு, அதே கால அளவு. ஆனால் தொலைக்காட்சியில் மட்டும் கண்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை.

மைக்கேல் கோல்ட்ஸ்டைன் குழுவினர் எட்டு மாதக் குழந்தைகளின் தாய்மாரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர், குழந்தை ஒலி எழுப்பிய உடனே புன்னகை செய்து, அருகில் வந்து, தொட்டனர். மறு பிரிவினரும் அதே அளவு புன்னகையும் தொடுதலும் தந்தனர்; ஆனால் குழந்தையின் ஒலிக்கும் அவற்றுக்கும் காலப் பொருத்தம் இல்லை. சிறிது நேரத்திற்குள்ளேயே முதற் பிரிவுக் குழந்தைகளின் மழலை மேலும் பேச்சைப்போல் திருந்தியது. இரண்டாம் பிரிவில் அம்மாற்றம் இல்லை.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது ஒத்ததிர்வுப் பாடத்தை நினைவூட்டுகிறது. ஊஞ்சலைத் தள்ளுவதற்குப் பெருவலிமை வேண்டியதில்லை. அது நம் பக்கம் வந்து திரும்பும் கணத்தில் சிறிது தள்ளினால் போதும். வீச்சு பெருகிக்கொண்டே போகும். காலம் தவறித் தள்ளினால் எவ்வளவு வலிமையும் வீணே. குழந்தையிடம் பேசும் சொற்களின் எண்ணிக்கையைவிட, அதன் ஒலிக்கு உரிய நேரத்தில் வரும் பதிலே வலிமையுடையது.

மன்னர்கள் தவறியது எங்கே என்பதும் இப்போது விளங்குகிறது. அவர்கள் குழந்தையிடமிருந்து ஒலியை மட்டும் பறிக்கவில்லை, பதிலையும் பறித்தனர்.

காதே எழுப்பும் ஒலி

பதில் கூறும் தாய் இருந்தும், அப்பதில் குழந்தையின் காதை எட்டாவிட்டால்? ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் குறிப்பிடத்தக்க செவிக்குறையுடன் பிறக்கின்றன. பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. செவி கேளாத குழந்தையும் அழும், சிரிக்கும், தொடக்கத்தில் குரலெழுப்பவும் செய்யும். ஆகவே இரண்டு, மூன்று ஆண்டுகள் வீணே கழிந்துவிடுவதுண்டு.

இங்கே இயற்பியல் துணைக்கு வந்தது. 1948-இல் தாமஸ் கோல்ட் என்ற இளம் அறிஞர், காது வெறும் ஒலி வாங்கியாக இருக்க முடியாது. வானொலிப் பெட்டியில் உள்ளதுபோன்ற பின்னூட்டத்தால் உள்ளே ஒலியைப் பெருக்க வேண்டும் என்று கருதினார். அப்படியானால் காதே ஒலி எழுப்பவும் கூடும். அப்போது அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கோல்ட் வானியல் பக்கம் சென்றுவிட்டார். முப்பதாண்டுகள் கழித்து, 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலறிஞர், காதினுள் "டிக்" என்ற சிற்றொலியைச் செலுத்தி, நுண்ணிய ஒலிவாங்கியால் உற்றுக் கேட்டார். சில மில்லி வினாடிகளுக்குப் பின் காதிலிருந்து மிக மெல்லிய ஓர் ஒலி திரும்பி வந்தது! உட்செவியின் மயிரணுக்கள் இயங்குவதன் அடையாளம் அது.

உறங்கும் பச்சிளங் குழந்தையின் காதில் சிறு முனையொன்றைப் பொருத்திச் சில நிமிடங்களில் செய்யும் செவிச் சோதனை இக்கண்டுபிடிப்பிலிருந்து பிறந்ததே. குழந்தைக்கு வலியில்லை, அது பதில் சொல்லவும் வேண்டியதில்லை. முதற் சோதனையில் ஒலி திரும்பாவிட்டால் காது செவிடென்று பொருளன்று. காதில் நீரோ அழுக்கோ இருந்தாலும் அப்படியாகும். மறு சோதனையைத் தவறவிடாமல் செய்துகொள்ள வேண்டும்.

காலம் எவ்வளவு அருமையானது என்பதை 1998-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநில ஆய்வொன்று காட்டியது. ஆறு மாதத்திற்குள் செவிக்குறை கண்டறியப்பட்ட 72 குழந்தைகளையும், அதற்குப் பின் கண்டறியப்பட்ட 78 குழந்தைகளையும் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழுவினர் ஒப்பிட்டனர். முன்னவரின் மொழி வளர்ச்சி தெளிவாக மேம்பட்டிருந்தது. செவிக்கருவி பயன்படாத குழந்தைக்கும் மொழி உண்டு. சைகை மொழி முழுமையான இலக்கணமுடைய மொழியே என்று 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி காட்டினார். சைகை பேசும் வீட்டில் வளரும் செவி கேளாக் குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுகின்றன என்று 1991-இல் லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரன்டெட்டும் கண்டறிந்தனர்.

பழி யார்மீது?

வீட்டின் பங்கு பெரிது என்றதும், குறை நேர்ந்தால் பழியும் வீட்டின்மேல் விழுகிறது. நம் நாட்டில் அது பெரும்பாலும் தாயின்மேல் விழும். அறிவியலும் இப்பிழையைச் செய்ததுண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தை பேசாதிருப்பதற்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து அமெரிக்காவில் பல ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கியது. புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. அதற்கு முன்பே, 1964-இல், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையான உளவியலறிஞர் பெர்னார்டு ரிம்லாண்ட், இது உடலியல் சார்ந்த நிலை என்று எடுத்துக்காட்டினார். 1977-இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு, பரம்பரைக் கூறுகளின் பங்கை உறுதி செய்தது. எத்தனையோ தாய்மார் செய்யாத குற்றத்தைச் சுமந்த பின்னரே இவ்வுண்மை வெளிப்பட்டது.

1995-இல் ஹார்ட், ரிஸ்லி என்னும் இருவர், 42 குடும்பங்களை ஆராய்ந்து, ஏழைக் குழந்தைகள் நான்கு வயதிற்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கின்றன என்று கணக்கிட்டனர். இவ்வெண் உலகெங்கும் பரவியது. ஆனால் அது மாதத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்த பதிவுகளைப் பெருக்கிக் கண்ட மதிப்பீடு. பாட்டி, அண்ணன், அக்காள் முதலியோரின் பேச்சையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏழை வீடுகளிடையிலும் பெரும் வேறுபாடு உண்டு என 2019-இல் வேறு ஆய்வாளர் காட்டினர். 2018-இல் நான்கு முதல் ஆறு வயதுள்ள 36 குழந்தைகளை ஆராய்ந்த ரேச்சல் ரோமியோ குழுவினர், மூளையின் மொழிப் பகுதியின் செயற்பாட்டோடு தொடர்புடையது சொற்களின் மொத்த எண்ணிக்கையன்று, குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பேசும் முறைகளின் எண்ணிக்கையே என்று கண்டனர். பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் கொண்ட பிறகும் இத்தொடர்பு நிலைத்தது. பதில் சொல்லப் பணம் வேண்டியதில்லை.

வீட்டு மொழியைக் கைவிடலாமா?

குழந்தை பேசத் தாமதமானால், "இரண்டு மொழி குழப்புது, வீட்டில் தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று அறிவுரை கூறுவோர் உளர். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1923-இல் வேல்ஸ் நாட்டில் சேயர் என்பவர், இருமொழிக் குழந்தைகள் அறிவில் பின்தங்குவதாக எழுதினார். குழந்தைகளின் குடும்பச் சூழ்நிலையை அக்கால ஆய்வுகள் ஒழுங்காகக் கணக்கில் கொள்ளவில்லை. 1962-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பீலும் லம்பர்ட்டும் அக்குறையை நீக்கி ஆராய்ந்தபோது, இருமொழிக் குழந்தைகள் பின்தங்கவில்லை. பல தேர்வுகளில் முந்தியே நின்றனர். அதற்கு முன்பே, 1913-இல் பிரெஞ்சு மொழியியலார் ரோன்ஷா, தந்தையிடம் பிரெஞ்சும் தாயிடம் ஜெர்மனும் பேசி வளர்ந்த தம் மகன் இரு மொழிகளையும் தெளிவாகப் பெற்றதைப் பதிவு செய்திருந்தார்.

பெற்றோர் தமக்கு நன்கு வராத மொழியில் பேசும்போது என்ன நேரும்? "கம், கோ, சிட்" என்ற ஏவல்களோடு பேச்சு நின்றுவிடும். கதையும், கேலியும், காரணமும், சமாதானமும் நமக்கு இயல்பாக வருவது நம் மொழியில்தான். அம்மொழியை நிறுத்தினால் நிற்பது உரையாடலே.

வீட்டில் செய்யத்தக்கவை

இந்த நீண்ட வரலாறு வீட்டிலுள்ளோர்க்குச் சொல்லும் அறிவுரை எளியது.

குழந்தை ஒலியெழுப்பினால், சுட்டிக் காட்டினால், உடனே பதில் கூறுங்கள். அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசுங்கள். காகத்தைப் பார்க்கும் குழந்தையிடம் கிண்ணத்தைக் காட்டிப் பெயர் சொல்லிப் பயனில்லை.

ஒரு கேள்வி கேட்டபின் சற்றுப் பொறுங்கள். குழந்தைக்குச் சொல்லைத் தேட நேரம் வேண்டும். அவசரப்பட்டு நாமே விடை சொல்லிவிட்டால் அதன் முறை பறிபோகிறது.

"பால்" என்றால், "பால் வேணுமா? சூடா இருக்கு, ஆத்தித் தரேன்" என்று விரித்துச் சொல்லுங்கள். பிழையைக் கேலி செய்யாமல், சரியான வடிவில் திருப்பிச் சொன்னால் போதும்.

படப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவதோடு நில்லாமல், "இது என்ன? எங்கே போகுது?" என்று கேளுங்கள். 1988-இல் வைட்ஹர்ஸ்ட் குழுவினர், இவ்வாறு நான்கு வாரங்கள் வீட்டில் படித்த இரண்டு வயதளவுக் குழந்தைகளின் பேச்சுத்திறன் உயர்ந்ததைக் கண்டனர். புத்தகம் இல்லையெனில் நாட்காட்டிப் படமும் உதவும்.

சோறூட்டக் கைபேசியைக் காட்டாதீர்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் கூறிய அறிவுரை.

ஓராண்டு நிறைந்தும் மழலையோ கையால் சுட்டுவதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் இரு சொல் தொடர் இல்லை. வந்த பேச்சு எந்த வயதிலேனும் நின்றுபோயிற்று — இவற்றில் எது தென்பட்டாலும் காத்திராமல் மருத்துவரிடம் காட்டி, முதலில் செவியைச் சோதிக்கச் செய்யுங்கள். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று பெரியவர்கள் ஆறுதல் கூறலாம். சில குழந்தைகளுக்கு அது பொருந்தவும் கூடும். எந்தக் குழந்தைக்குப் பொருந்தாது என்பதைச் சோதனைதான் சொல்லும். நாவில் வசம்பைத் தேய்ப்பதால் கேளாத காது கேட்காது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், செவிக்குறையும் மொழி வளர்ச்சித் தாமதமும் கண்டறியப்பட வேண்டிய குறைகளில் சேர்க்கப்பட்டுள்ளன. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இதைக் கேட்டுப் பெறலாம்.

அக்பரின் மாளிகையில் உணவு இருந்தது, காவல் இருந்தது, செவிலியரும் இருந்தனர். குழந்தை ஒன்று "ங்கா" என்றால் திரும்ப "ங்கா" என்று சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை. நம் வீடு எவ்வளவு சிறிதாயினும், அந்தப் பதிலுக்கு அங்கே இடமிருக்கிறது. அப்பதில் குழந்தையின் காதை எட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்வதும், எட்டும்வரை சொல்லிக்கொண்டே இருப்பதும் நம் கடமையாகும்.